படுக்கையறை கப்போர்டு பிதுங்குகிறது: எங்கிருந்து தொடங்குவது?

வேளச்சேரி விஜி (சனி, இரவு 10:40)

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், முதல் மாடி. எங்கள் அறையில் சுவரோடு சேர்த்துச் செய்த ஆறடி கப்போர்டு, மேலே லாஃப்ட். அதற்குப் பக்கத்தில் மாமியார் கும்பகோணத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த ஸ்டீல் பீரோ. பிள்ளைகள் அறையில் இன்னொரு கப்போர்டு. இத்தனை இருந்தும் துவைத்து மடித்த துணி எப்போதும் நாற்காலியில்தான் கிடக்கிறது. இன்னொரு வார்ட்ரோப் ஆர்டர் போட்டுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அதை எங்கே நிறுத்துவது என்று கேட்டால் பதில் இல்லை.

இன்றைக்கு உட்கார்ந்து, என் பக்கத்துத் தட்டுகளில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். புடவையும் சுடிதாரும் பாதிதான். மீதி என்னென்ன தெரியுமா? கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் ஒரு மூட்டை. வெற்றிலை பாக்கோடு வந்த ரவிக்கை பிட் ஒரு கட்டைப்பை நிறைய. பிரிக்காத கிஃப்ட் பெட்டியில் ஹாட்பேக். மாமனாரின் எக்ஸ்ரே கவர்கள். வீட்டுப் பத்திரம், பேங்க் ஃபைல். பெரியவளின் முதல் பிறந்தநாள் கவுன். கல்யாணப் புடவை இன்னும் கடையில் கொடுத்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது.

போகிக்குள் இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? புடவையை மடித்து அடுக்குவதா, ஹேங்கரில் மாட்டுவதா? இன்னொரு தொல்லையும் உண்டு. பாத்ரூம் சுவரை ஒட்டிய தட்டில் எதை வைத்தாலும் ஒரு மக்கல் வாடை. போன மழையில் வீட்டுக்காரரின் கறுப்பு பேண்ட் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. பாச்சா உருண்டை போட்டும் வாடை போகவில்லை.

வாடகை வீடு (சனி, இரவு 11:05)

ரொம்பச் சுலபம். ஒரு வருஷமாக உடுத்தாத துணி எதுவானாலும் வெளியே. யோசிக்கவே கூடாது. வீடு மாறும்போது நான் ரெண்டு பெட்டிக்கு மேல் ஏற்றுவதில்லை. பொருள் இருந்தால்தானே அதை அடுக்குகிற பாடு.

நெல்லை கோமதி (ஞாயிறு, காலை 6:20)

தம்பி, உங்கள் ரெண்டு பெட்டிக் கணக்கு கல்யாணம் ஆகும்வரை சரியாக வரும். கூறைப் புடவையை யாராவது வருஷா வருஷம் கட்டுவார்களா? ஊட்டிக்குப் போனால் போடும் ஸ்வெட்டர், சாவு வீட்டுக்கென்று ஒதுக்கிய வெளிறிய பருத்திப் புடவை, இதெல்லாம் ஒரு வருஷக் கணக்கில் அடங்காது.

விஜி, விடையை உங்கள் பட்டியலிலேயே எழுதிவிட்டீர்கள். உங்கள் தட்டுகளில் பாதி துணியே இல்லை. படுக்கையறை கப்போர்டைப் பூட்டி வைக்கலாம், விருந்தாளி கண்ணில் படாது. அதனால் என்ன செய்வதென்று தெரியாததெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். முதல் நாள் துணியைத் தொடவே தொடாதீர்கள். துணி அல்லாததை மட்டும் வெளியே எடுங்கள். பாதி இடம் அப்போதே கிடைத்துவிடும்.

தாம்பூலப் பையில் நல்ல கெட்டித் துணியாக, பிடி அறுந்து போகாததாக ஒரு கைப்பிடி எடுத்து, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். 2019-ல் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததிலிருந்து எங்கள் தெருக் காய்கறிக்காரம்மா துணிப்பை கிடைத்தால் விடுவதில்லை. மீதியை அந்த மாதிரி ஒருவரிடம் கொடுங்கள். மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்திருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். எங்கள் தெருவில் கத்திரிக்காய் எல்லாம் யாரோ ஒரு ஜோடியின் பெயரில்தான் வீட்டுக்கு வருகிறது.

ரவிக்கை பிட்டுக்கு வருகிறேன். அது தைப்பதற்கென்று வாங்கப்படுவதே இல்லை, கொடுப்பதற்கென்றே வாங்கப்படுவது. என்னிடம் வந்த ஒரு மாம்பழ மஞ்சள் பிட்டை வரலட்சுமி நோன்புக்கு வந்த ஒருத்திக்கு வைத்துக் கொடுத்தேன். நவராத்திரியில் வேறொரு வீட்டுத் தாம்பாளத்திலிருந்து அதுவே எனக்கு வந்தது. ஓரத்தில் இருந்த பேனா மைப் புள்ளி காட்டிக்கொடுத்துவிட்டது! ஆகவே அதைக் கொட்டி இரண்டாகப் பிரியுங்கள். டூ-பை-டூ காட்டன் என்றால் உங்கள் புடவைகளோடு ஒத்துப் பார்த்து, பொருந்துவதை இந்த வாரமே டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதில் கறை இல்லாதவற்றை மஞ்சள் குங்குமப் பாக்கெட்டோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டுப் பூஜை அலமாரிக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை யாராவது வந்தால் ஓட வேண்டியதில்லை. எண்பது சென்டிமீட்டர்கூட இல்லாத பாலியஸ்டர் துண்டுகளை யாருக்கும் கொடுக்காதீர்கள், பாவம். தலையணை உறைக்கு ஒட்டுப்போட உதவும்.

கும்மோணம் காபி (ஞாயிறு, காலை 8:15)

கோமதி அக்கா சொன்னதோடு ஆண்கள் தரப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் கப்போர்டில் எனக்கு ஒதுக்கியது ஒரே ஒரு தட்டு. அதிலும் பாதி வேட்டி. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சம்பந்தி மரியாதை, மாமன் சீர் என்று ஒரு வேட்டி சட்டை வந்துவிடுகிறது. ஒட்டிக்கோ வேட்டி மட்டும் ஏழெட்டு இருக்கும். நான் கட்டுவது என்னவோ அந்தப் பழைய மயில்கண் கரை ஒன்றைத்தான்.

விஜி, உங்கள் வீட்டுக்காரர் தட்டையும் பாருங்கள். முப்பத்திரண்டு இடுப்பு பேண்ட் நாலு நிச்சயம் இருக்கும். அதைக் கொடுக்கச் சொன்னால் அடுத்த மாதம் வாக்கிங் போகப்போகிறேன் என்பார்.

ஆரணி பட்டு (ஞாயிறு, காலை 11:30)

எங்கள் வீட்டில் தறி உண்டு, நான் புடவைக் கடையில் இருக்கிறேன். புடவை பற்றி மட்டும் சொல்கிறேன்.

விஜி, முதல் வேலையாக அந்த அட்டைப் பெட்டியிலிருந்து கல்யாணப் புடவையை எடுங்கள். நல்ல கனமான காஞ்சிப் பட்டு கடையில் மடித்த அதே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால், அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் விட்டுப்போகும். அதிலும் ஜரிகை போகிற இடத்தில் இழை கம்பி மாதிரி நிற்பதால் பட்டு அங்கே அறுபடும். பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பில் ஊசி முனை அளவுக்கு வரிசையாக வெளிச்சம் தெரிந்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்தால் போதும். வெயிலில் போடாதீர்கள், சாயம் வெளுக்கும்.

சுற்றி வைக்கத் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டிதான் உத்தமம். பளபளவென்று ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியில்லை. அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, மேலே தங்க முலாம்தான். வெள்ளிக் கொலுசு கறுப்பது போலவே அதுவும் கறுக்கும். செய்தித்தாளும் வேண்டாம், மை ஒட்டும். செண்ட் அடித்துக்கொண்டு கட்டிய புடவையை அப்படியே மடித்து வைக்கவும் கூடாது.

ஹேங்கரா மடிப்பா என்று கேட்டீர்கள். பருத்தி, சில்க் காட்டன், சிந்தெடிக், ஷிஃபான் எல்லாம் ஹேங்கரில் தொங்கலாம். கனத்த ஜரிகைக் கரை உள்ளதைத் தொங்கவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் ஒரே மடிப்பில் இறங்கும். அதைப் படுக்கையாக வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நாலுக்கு மேல் வேண்டாம்.

கஞ்சி போட்ட பருத்திப் புடவையை நெடுநாள் வைக்கப்போகிறீர்கள் என்றால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். வெள்ளிப்பூச்சிக்கு மாவுச்சத்து என்றால் உயிர். அது துணியைத் தேடி வருவதில்லை, கஞ்சியைத் தேடித்தான் வருகிறது.

ரவிக்கையைப் புடவை மடிப்புக்குள்ளேயே வைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. தேட வேண்டாம் என்பது வாஸ்தவம்தான். ஆனால் கொக்கி துருப்பிடித்தால் கறை நேராகப் பட்டில் இறங்கும், அது எந்த டிரை கிளீனிங்கிலும் முழுசாகப் போகாது. தனியாக ஒரு துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். முந்தானையில் குத்திய பின்னை எடுத்தாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிப்பாக்கம் மணி (ஞாயிறு, பகல் 1:10)

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் கப்போர்டின் கீழ்த்தட்டுதான் முதலில் போனது. கனமாக இருக்கிறதே என்று எல்லோரும் பட்டையும் பத்திரத்தையும் கீழேதான் வைத்திருந்தார்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது அதே தெருவில் அப்படி யாரும் வைத்திருக்கவில்லை. கீழ்த்தட்டில் பெட்ஷீட், பழைய துண்டு, நனைந்தாலும் காயவைத்துக்கொள்ளக்கூடியது மட்டும்.

விஜி முதல் மாடி என்பதால் தண்ணீர் பயம் குறைவு. ஆனாலும் பத்திரம் துணி அலமாரியில் இருக்க வேண்டாம். அசல் கிரயப் பத்திரம் உறை போட்டுப் பீரோ லாக்கருக்குள் போகட்டும். ஆதார், மதிப்பெண் பட்டியல் எல்லாம் டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளலாம். மாமனாரின் எக்ஸ்ரேயில் டாக்டருக்கு இனி எது வேண்டும் என்று கேட்டுவிட்டு மற்றதைப் பழைய பேப்பர் கடையில் போடுங்கள். அந்த ஃபிலிமில் வெள்ளி இருப்பதால் தனி விலைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வாடகை வீடு (ஞாயிறு, மாலை 4:30)

எல்லோரும் சொல்வதைப் பார்த்தால் கப்போர்டைக் காலி செய்கிற இழை மாதிரி இல்லை, இன்னும் பத்திரமாக வைக்கிற இழை மாதிரி இருக்கிறது. மடிப்பு மாற்றி, காற்றாட விட்டு, வேட்டியில் சுற்றி... கட்டாத புடவைக்கு இத்தனை ஊழியமா? எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் கொட்டுங்கள். கட்டில் காலியானால்தான் படுக்க முடியும். அந்த நெருக்கடியில் முடிவு தானாக வரும்.

சேலம் சித்ரா (ஞாயிறு, மாலை 5:00)

தானாக வராது தம்பி, தரைக்கு வரும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினால் நடுவில் ஒருவருக்குப் பசிக்கும், ஒருவருக்குப் பாத்ரூம், பால்காரர் மணி அடிப்பார். இரவு பத்து மணிக்கு அப்படியே வாரி உள்ளே திணிப்பதுதான் நடக்கும். ஒரு தட்டு எடு, துடை, பிரி, வை, கதவை மூடு. அடுத்தது நாளைக்கு. இதுதான் ஷிஃப்ட் போகிற எங்களுக்கெல்லாம் ஒத்துவருகிறது.

அப்புறம், பாச்சா உருண்டை பற்றி விஜி எழுதியிருந்தார். நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். சின்னக் குழந்தைகள் துணி இருக்கிற தட்டில் அதைப் போடவே போடாதீர்கள். வாடைக்கும் அது மருந்தில்லை, ஒரு வாடையை இன்னொரு வாடையால் மூடும், அவ்வளவுதான்.

நெறியாளர் (ஞாயிறு, மாலை 5:40)

இழையில் ஆர்கனைசர் பெட்டி விற்கும் சுட்டிகள் இரண்டு நீக்கப்பட்டன. அனுபவத்தை எழுதுங்கள், விளம்பரம் வேண்டாம்.

மரவேலை முருகேசன் (ஞாயிறு, இரவு 9:20)

கோவையில் இன்டீரியர் வேலை செய்கிறேன். விஜி அம்மா, உங்கள் பேண்ட் பூத்ததற்குத் துணி காரணமில்லை, சுவர்தான். பாத்ரூம் பக்கச் சுவரில் பைப் உள்ளே ஓடும். ஜாயிண்ட் கசிந்தாலும், டைல்ஸுக்கு நடுவே பாயிண்டிங் போயிருந்தாலும் ஈரம் இந்தப் பக்கம்தான் வெளிவரும். அந்தத் தட்டைக் காலி செய்துவிட்டுப் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை கணீரென்று கேட்கும், ஊறியது பொத்தென்று கேட்கும். பலகை இல்லாமல் நேரே சுவர் என்றால் விரலால் தேயுங்கள். பெயிண்டுக்கு மேல் உப்பு மாதிரி மாவு வந்தால் ஓதம் ஏறியிருக்கிறது. அதைச் சரி செய்யாமல் மேலே புதுப் பெயிண்ட் அடிப்பது காசுக்குப் பிடித்த கேடு. முதலில் பிளம்பர், சுவர் காய்ந்த பிறகு பெயிண்டர், கடைசியில்தான் நான்.

பார்ட்டிக்கிள் போர்டில் செய்த கப்போர்டு என்றால் ஓரம் உப்பியிருக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக மாற்றினால் அந்தப் பக்கத்துக்கு மட்டுமாவது ஐஎஸ் 710 நம்பர் போட்ட மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) கேளுங்கள். பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விடச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு ஒரு செலவும் இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று. இஸ்திரி போட்ட சூட்டோடு துணியை உள்ளே அடுக்காதீர்கள். ஆவி உள்ளேயே நிற்கும். கொடியிலோ கட்டிலிலோ ஆறவிட்டு வையுங்கள். மழை நாளில் காலையில் ஃபேன் ஓடும்போது கதவைக் கொஞ்ச நேரம் திறந்து போடுங்கள்.

தட்டு அமைப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தட்டுக்குத் தட்டு ஒன்றேகால் அடிக்கு மேல் உயரம் விட்டால் ஆள் நிரப்பத்தான் செய்வார், அடியில் இருப்பதை எடுக்கும்போது மேலே இருப்பது சரியும். புடவைத் தட்டுக்குப் பத்து, பன்னிரண்டு அங்குலம் தாராளம். இருக்கிற உயரமான தட்டுக்கு நடுவே பாதி ஆழத்துக்கு ஒரு பலகை போட்டுத் தந்தாலே இடம் நன்றாகக் கூடும். தட்டு மூன்றடியைத் தாண்டினால் பதினெட்டு எம்எம் பிளையும் நாளடைவில் தொய்யும், நடுவில் ஒரு தாங்கல் வேண்டும். ஹேங்கர் மாட்ட உள்ளே இரண்டடி ஆழம் இல்லையென்றால் சட்டைத் தோள் கதவில் இடிக்கும். அந்த இடத்தில் கம்பியை நீளவாக்கில் போடாமல் வெளியே இழுக்கிற மாதிரி போட வேண்டியதுதான்.

தெம்பனீஸ் தமிழ் (திங்கள், காலை 7:05)

சிங்கப்பூரில் வருஷம் முழுவதும் இந்தப் பூஞ்சைத் தொல்லைதான். இங்கே கடைக்குக் கடை ஈரம் உறிஞ்சும் டப்பா விற்கும். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு உப்பு. அது ஈரத்தை இழுத்து இழுத்துக் கடைசியில் டப்பாவில் தண்ணீராக நிற்கும். வேலை செய்கிறது, ஆனால் சாய்ந்துவிடாமல் தரைத் தட்டின் மூலையில் வைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பட்டில் கொட்டினால் போச்சு. பட்டு இருக்கிற தட்டுக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் மேல். நிறம் மாறினால் சூடுபடுத்தி மறுபடி வைக்கலாம். முருகேசன் அண்ணன் சொன்ன கசிவு இருந்தால் எந்த டப்பாவும் தாங்காது.

வேளச்சேரி விஜி (புதன், இரவு 9:50)

எல்லோருக்கும் நன்றி. கோமதி அக்கா சொன்னபடி துணி அல்லாததை மட்டும் எடுத்தேன். இரண்டு தட்டு முழுசாகக் காலி! ஹாட்பேக்கைப் பிரித்து அடுக்களையில் வைத்தாகிவிட்டது, இன்றைக்கு இட்லி அதில்தான் இருந்தது. கல்யாணப் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடம்புப் பகுதியில் ஒரு மடிப்பில் மட்டும் லேசாகத் தெரிகிறது, கரை நன்றாகவே இருக்கிறது. பின்பலகை பொத்தென்றுதான் கேட்கிறது, முருகேசன் அண்ணா. நாளைக்குப் பிளம்பர் வருகிறார்.

இப்போது சிக்கல் மாமியாரின் பீரோ. அதில் அவருடைய புடவைகள் தவிர, என் நாத்தனார்கள் விட்டுப்போன பாவாடை தாவணி, மாமனாரின் சஃபாரி சூட், யாருக்கு என்றே தெரியாத ஒரு கம்பளி எல்லாம் இருக்கிறது. எங்கள் அறையில் இருப்பதால் அந்த இடம் எனக்குத்தான் தேவைப்படுகிறது. அதை நானே பிரித்துவிடலாமா? அவர் ஊருக்குப் போகும் சமயம் பார்த்துச் செய்துவிடு என்கிறாள் என் தங்கை.

நெல்லை கோமதி (வியாழன், காலை 6:10)

அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள். அவர் இல்லாதபோது பீரோவைத் திறந்தால் ஒரு பழைய பாவாடையை எடுத்துப் போட்டதற்காக ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசமாட்டார், அதில் நியாயமும் இருக்கும். யாருடைய பொருளோ அவர்தான் கழிக்க வேண்டும். உங்கள் துணியில் நீங்கள் எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் இருங்கள்.

என் மாமியாரிடம் நான் "இது வேண்டுமா வேண்டாமா" என்று கேட்டதே கிடையாது. கேட்டால் வேண்டும் என்றுதான் பதில் வரும். "அத்தை, இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்கு அவர் உட்கார்ந்து யோசிப்பார். சின்ன மகளுக்கு, தென்காசி அக்காள் பேத்திக்கு, வேலைக்கு வருகிற பெண்ணுக்கு என்று அவரே பெயர் சொல்வார். நாத்தனார்களின் தாவணியை அவர்களுக்கே பார்சல் செய்துவிடுங்கள். பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறவர் இடமும் தரட்டும்!

வாடகை வீடு (வியாழன், காலை 9:00)

கடைசி வரிக்கு மட்டும் நூறு லைக்.

கும்மோணம் காபி (வியாழன், காலை 9:25)

சஃபாரி சூட்டை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியாது, எங்கள் அப்பாவுடையதில் முயன்று பார்த்தாயிற்று. பள்ளிக்கூட நாடகத்தில் வில்லன் வேஷத்துக்குத்தான் போயிற்று.

வேளச்சேரி விஜி (சனி, மாலை 6:30)

கோமதி அக்கா, அந்தக் கேள்வி நன்றாகவே வேலை செய்தது. அத்தையே பீரோச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முழுவதும் காலியாகிவிடவில்லை, பாதிதான். கம்பளி விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை என்றுவிட்டார், அது அவர் அப்பா காசிக்குப் போய்விட்டு வரும்போது வாங்கி வந்ததாம். சரி, அது இருக்கட்டும். நடுத்தட்டு எனக்குக் கிடைத்துவிட்டது.

கழித்ததில் அவருடைய பழைய பட்டு மூன்று இருக்கிறது. கரை கெட்டி, உடம்பு தொட்டால் கிழிகிறது. தெருவில் பழைய பட்டுப்புடவை எடுக்கிறேன் என்று கத்திக்கொண்டு ஒருவர் வருகிறார். கொடுக்கலாமா?

ஆரணி பட்டு (சனி, இரவு 7:45)

அவசரப்பட வேண்டாம். அவர் விலை கொடுப்பது புடவைக்கில்லை, ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்கு. அந்தக் காலத்து ஜரிகையில் வெள்ளி கூடுதலாகவே இருக்கும். வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. கரை ஓரத்தில் ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டுங்கள். மேல்பூச்சு விலகி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாகவோ பிளாஸ்டிக் நார் மாதிரியோ வந்தால் சாதா ஜரிகை. உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் காஞ்சிபுரத்தில் அரசு நடத்தும் ஜரிகை ஆலை இருக்கிறது, அங்கே சோதித்துச் சொல்வார்கள். வெள்ளி என்ன விலைக்கு விற்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். தெருவில் முதலில் சொல்கிற விலை ஒருபோதும் கடைசி விலை இல்லை.

இல்லை, விற்க மனமில்லை என்றால் கரையை மட்டும் வெட்டி எடுத்து வேறு பட்டுத் துணியில் வைத்துப் பேத்திக்குப் பாவாடை தைக்கலாம். உங்கள் பெரியவளுக்கு அளவாக வரும்.

மடிப்பாக்கம் மணி (சனி, இரவு 8:30)

மற்ற துணிகளைப் போகியில் போட்டுவிடாதீர்கள். இப்போது பாதித் துணி பாலியஸ்டர் கலந்தது, எரித்தால் பிளாஸ்டிக் எரிப்பதும் அதுவும் ஒன்றுதான். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமானங்களே திணறின. உடுத்தும் நிலையில் உள்ளதைத் துவைத்துப் பொத்தான் தைத்துக் கூஞ்ச் அமைப்புக்குக் கொடுக்கலாம். டெல்லியில் 1999-ல் தொடங்கியது, சென்னையிலும் வாங்குகிறார்கள். நைந்த பருத்தியையும் அவர்கள் வீணாக்குவதில்லை, மாதவிடாய்த் துணியாகத் தைக்கிறார்கள். பழைய பெட்ஷீட், துண்டு எல்லாம் உங்கள் பக்கத்திலேயே புளூ கிராஸில் நாய்களுக்குப் போட உதவுமா என்று கேட்டுப் பாருங்கள். எதற்கும் ஆகாததை மாநகராட்சியில் எப்போது எடுப்பார்கள் என்று 1913 என்ற உதவி எண்ணில் கேட்டுவிட்டு வெளியே வையுங்கள். மழைத்தண்ணீர் வடிகால் பக்கம் மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

மரவேலை முருகேசன் (ஞாயிறு, காலை 7:50)

பிளம்பர் என்ன சொன்னார் விஜி அம்மா?

வேளச்சேரி விஜி (ஞாயிறு, காலை 10:15)

ஷவர் மிக்ஸர் ஜாயிண்டில் கசிவு. டைல்ஸ் இரண்டு எடுத்துச் சரி செய்துவிட்டார். சுவர் காய ஒரு மாதமாவது விடச் சொன்னார். அந்தத் தட்டை அதுவரை காலியாகவே விட்டிருக்கிறேன், கதவும் திறந்தே கிடக்கிறது. நடுப்பலகை வேலைக்கு இங்கேயே ஒருவரைப் பேசிவிட்டோம், நீங்கள் சொன்ன அளவைத்தான் கொடுத்தேன். புது வார்ட்ரோப் பேச்சு வீட்டில் நின்றுவிட்டது. முப்பத்திரண்டு இடுப்பு பேண்ட் நாலு இல்லை, ஆறு இருந்தது. அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

சித்ரா, உங்களிடம் ஒரு கேள்வி. லாஃப்டில் பெரியவளின் குழந்தைத் துணி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. பாச்சா உருண்டை போட்டுத்தான் வைத்திருந்தேன். தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். துவைத்துக் கொடுத்தால் போதுமா?

சேலம் சித்ரா (ஞாயிறு, பகல் 12:05)

பிறந்த குழந்தைக்கு அதை உடுத்த வேண்டாம் விஜி. ஜி6பிடி என்று ஒரு என்சைம் குறைபாடு சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் குழந்தையின் உடம்பில் பாச்சா உருண்டையில் இருக்கும் நாப்தலின் போனால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக ஏறும். மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவோம் இல்லையா, எண்ணெய்ப் பசை உள்ள தோலில் அது இன்னும் சுலபமாக இறங்கும். ஒரு தடவை துவைத்தால் துணியிலிருந்து முழுசாகப் போய்விடும் என்று நம்ப முடியாது.

பெட்டியை இப்போதே லாஃப்டிலிருந்து இறக்கி, உருண்டையைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் துணியைச் சில நாள் வெயிலில் காற்றாடப் போடுங்கள். அப்புறம் துவையுங்கள், மறுபடி வெயில். கொஞ்சம்கூட வாடை இல்லை என்று ஆனபிறகும் பச்சைக் குழந்தைக்கு இல்லாமல், வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொடுங்கள். தங்கைக்குப் புதிதாக நாலு பருத்திச் சட்டை வாங்கித் துவைத்துக் கொடுத்தால் போதும். பெட்டியில் கம்பளி, போர்வை, தொட்டில் துணி ஏதாவது இருந்தால் அதையும் பிரசவ வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், துணியைவிட அதில்தான் வாடை அதிகம் தங்கும்.

இனி பெட்டியில் போட வேண்டுமென்றால் வசம்புத் துண்டோ நிழலில் உலர்த்திய வேப்பிலையோ ஒரு துணியில் முடிந்து போடுங்கள். அதற்கு வீரியம் குறைவு, அடிக்கடி மாற்ற வேண்டும். உலர்ந்த பெட்டியில் நன்றாகக் காய்ந்த துணியை வைத்தால் அதுவும்கூடப் பெரிதாகத் தேவைப்படாது.

வேளச்சேரி விஜி (ஞாயிறு, பகல் 12:20)

பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டேன். தொட்டில் துணியும் அதில்தான் இருக்கிறது, தங்கைக்குப் போன் போட்டுப் புதிது எடுத்துத் தருவதாகச் சொல்லிவிடுகிறேன்.